பொதுமக்கள் பதவிக்கு ஒரு டிரைவர்

தலைவர் பதவியை விட்டுப் போகிறார் என்று அறிவிப்பு வந்த மறுநாள் காலை பாலத்தை இழுத்து மூடினார்கள். அவர் போவதற்கும் பாலத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கத் தெரியாத ஜனமா நாம்? கேட்டோம். வானொலியில் விளக்கம் வந்தது. தலைவர் இத்தனை வருஷம் ஆண்டுவிட்டுப் போகிறார்; அந்த நேரம் பார்த்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கரைப் பகுதியும் தனி நாடாகப் போகிறேன் என்கிறது; இரண்டும் ஒன்றாகப் போனால் மக்கள் மனம் என்ன பாடுபடும்? ஆகவே இரண்டைப் பற்றியும் மக்களின் கருத்தைப் பொதுக்கருத்து வாரியம் அறிந்து சொல்லும். கருத்து தெரிந்த அன்றைக்கே பாலம் திறக்கும். அதுவரை மக்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே கருத்துக் கொண்டிருக்க வேண்டும்.

அக்கரைக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? "அந்த மனுஷன் முதல்ல நாற்காலியை விட்டு இறங்கட்டும். இறங்கிட்டார்னா உக்காந்து பேசுவோம். இறங்குற வரைக்கும் எங்க பக்கமும் மூடித்தான் இருக்கும்" என்று சொல்லி, அவர்கள் முனையில் அவர்களும் ஒரு தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டார்கள். ஆக, ஒரே பாலத்துக்கு இரண்டு பூட்டு.

இரண்டு பூட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் பாலத்து பஸ்ஸை ஓட்டுகிற டிரைவர். அவருடைய மனைவி அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழந்தைகள் வார்டு. கல்யாணமான நாளிலிருந்து அவளைச் சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும் காலையில் கூட்டிக்கொண்டு வருவதும் அவருடைய பஸ்தான். டிரைவருக்குப் பின் ஜன்னலோர சீட் அவளுக்கு. பாதி சண்டையும் பாதி சமாதானமும் முன்கண்ணாடி வழியாகவே நடக்கும். பாலம் மூடிய காலையில் அவள் டூட்டி முடிந்து, பையை மாட்டிக்கொண்டு, அக்கரை ஸ்டாப்பிங்கில் வந்து நின்றாள். பஸ் வரவில்லை. இக்கரையில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே போலீஸ்காரர் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

டிப்போ மேனேஜரிடம் போய்க் கேட்டார். "ரூட் ரத்தாகலைய்யா, நிறுத்தி வெச்சிருக்கு. ரத்தானா வேற ரூட் குடுக்கலாம். நிறுத்தி வெச்சதுக்கு நீ போய் நின்னுதான் ஆகணும்" என்றார் மேனேஜர். அதனால் டிரைவர் தினமும் பாலத்து முனையில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தி, சாயங்காலம் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வேடிக்கை என்னவென்றால் சில பயணிகளும் பழக்க தோஷத்தில் ஏறி, பேப்பர் படித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, ஸ்டாப்பிங் வந்ததுபோல இறங்கிப் போனார்கள். அவளுடைய சீட் மட்டும் காலியாக இருந்தது. அதில் யாராவது உட்காரப் போனால் டிரைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரியத்துப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப், முகத்தில் நடந்து நடந்து வந்த களைப்பு.

"தலைவர் போறதைப் பத்தி உங்க மனசுல என்ன இருக்குங்க?"

"போகட்டும்மா. இத்தனை வருஷம் இருந்தாச்சு. அவர் போனாத்தானே பாலம் திறக்கும்?"

அந்தப் பெண் டேப்பின் திரையை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அப்படி ஒண்ணு இதுல வரலைங்க. துயரம், பெருந்துயரம், அடக்க முடியாத துயரம். மூணுதான் இருக்கு."

"சந்தோஷம்னு ஒண்ணும் இல்லையா?"

"நானும் ஆபீஸ்ல கேட்டேங்க. துயரம் எவ்வளவுன்னு பாக்கத்தான் இந்தக் கணக்கெடுப்பு, இருக்கா இல்லையான்னு பாக்க இல்லைன்னு சொல்லிட்டாங்க. சரி, அதை விடுங்க. அக்கரை தனியாப் போறதைப் பத்தி?"

"என் பொண்டாட்டி அக்கரையில இருக்கா."

"அது கருத்து இல்லைங்க, தகவல்."

"அவ வீட்டுக்கு வரணும்."

"அது கோரிக்கை."

"சரிம்மா, கோரிக்கையை எங்க போய்ச் சொல்றது?"

"கோரிக்கைப் பிரிவு ஆபீஸ் அக்கரையிலதாங்க இருக்கு" என்றாள் அவள், மனசு கேட்காமல்.

இந்தச் சத்தத்தைக் கேட்டு மாடியிலிருந்து மச்சான் தடதடவென்று இறங்கி வந்தார். நர்ஸின் தம்பி. நாட்டு நடப்பு முழுவதும் அவர் தலைக்குள்தான் நடக்கிறது. தலைவரை வைத்தும் பேசுவார், தலைவரை நீக்கியும் பேசுவார். அக்கரைக்கு நாணயம் எப்படி அடிக்க வேண்டும் என்பது வரை யோசித்து வைத்திருப்பவர். "என்னைக் கேளும்மா, என்னைக் கேளு! உக்காரு, ஆதியிலேர்ந்து சொல்றேன்!"

"நீங்க எங்க பட்டியல்ல வரலைங்க."

"கருத்தே இல்லாத மாமாவைக் கேக்குறே. கருத்தோட நிக்கிறவனைக் கேக்க மாட்டேங்கறே. என்னம்மா வாரியம் இது?"

"கருத்து ஏற்கெனவே இருக்கிறவங்களை எடுத்தா முடிவு கெட்டுப்போயிடுமாம்" என்று சொல்லிவிட்டு, அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "உங்களுதை 'பிற'ன்னு ஒரு இடம் இருக்கு, அதுல போட்டுடறேங்க. யாரும் பாக்க மாட்டாங்க. பயப்படாதீங்க."

அந்தப் பெண் நல்ல மனசோடு செய்ததுதான் வினையாகப் போயிற்று. தலைநகரம் முழுக்க இருந்தவர்கள் வம்பே வேண்டாம் என்று மூன்றில் ஒரு துயரத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். 'பிற' என்ற கட்டத்தில் விழுந்தது டிரைவர் ஒருவர்தான். அந்த வாரமே ஜீப் வந்தது.

வாரியத்தின் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். உள்ளே போனால் நோய் என்னவென்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். முதலில் அவரைக் 'கருத்து ஊறும் அறை' என்று எழுதியிருந்த ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். சுவரில் கடிகாரம் கழற்றப்பட்ட தடம் மட்டும் வட்டமாக வெள்ளையாக இருந்தது. மணி தெரிந்தால் ஆட்கள் அவசரப்பட்டு மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்களாம். உட்கார்ந்து உட்கார்ந்து டிரைவருக்குக் கால் மரத்துப் போயிற்று. கருத்து ஏதும் ஊறியதாகத் தெரியவில்லை, வாய்தான் வறண்டது.

கடைசியில் சீராக்கல் அதிகாரி கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிற மனிதர். "நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். மனசுல தோணுறது வேற, கருத்து வேற. தோணுறது எல்லாருக்கும்தான் தோணும். அதைக் கருத்தா ஆக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். இப்போ, நீங்க சொன்னது என்ன? பாலத்தைத் திறங்க. ஏன் திறக்கணும்?"

"என் பொண்டாட்டி வரணும் சார்."

"வராட்டி என்ன?"

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. "வராட்டி என்னவா? காலையில எந்திரிச்சா வீடு வீடாவே இல்லை சார். அவ வெளுத்த துணி இன்னும் கொடியிலயே கிடக்கு. எடுத்து மடிச்சு வெச்சா அவ வரவே மாட்டாளோன்னு எடுக்காம இருக்கேன். கண்ணாடியில பின் சீட்டைப் பாக்கவே முடியலை..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பெரிய மனிதர், யூனிஃபாரம் போட்டவர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி மடமடவென்று எழுதினார். "ஆக, தாங்க முடியாத துயரம் இருக்கு. யாருக்காகங்கிற இடம் காலியா இருக்கு. அதை நாங்க நிரப்பிக்கிறோம்." எழுதி முடித்து நிமிர்ந்தவர் அப்போதுதான் டிரைவரின் கன்னத்தைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வராந்தாவில் ஓடினார். "சார்! சார்! நிஜக் கண்ணீர் சார்!"

இயக்குநரே இறங்கி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு தலைவலி இருந்தது. தலைவரின் விடைபெறும் விழாவில், பாலத்து முனையில், பொதுமக்களின் கருத்தைப் பொதுமக்களே தலைவர்முன் வாசிக்க வேண்டும் என்று திட்டம். அதற்கு ஒரு நாடக நடிகரை அமர்த்தியிருந்தார்கள். அவர் அழுகைக்குத் தனியாகக் காசு வேண்டும் என்று நேற்றுதான் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

இயக்குநர் டிரைவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். "பொதுமக்கள்னா கூட்டமா வரணும்னு ஜனங்க நினைக்கிறாங்க. கூட்டம் வந்தா என்ன ஆகும்? சத்தம் போடும், தண்ணி கேக்கும், முண்டியடிக்கும், ஒருத்தன் ஒண்ணு சொன்னா இன்னொருத்தன் வேற சொல்லுவான். அது பொதுமக்களுக்கே அவமானம். அதனாலதான் நாங்க பொதுமக்களை ஒரு பதவியா ஆக்கிட்டோம். ஒரே ஆள், சுத்தமா இருக்கும். என் சர்வீஸ்ல எத்தனையோ பொதுமக்களைப் பாத்திருக்கேன், உங்களை மாதிரி முகம் அமைஞ்சதில்லை."

"நான் வாசிச்சா பாலம் திறக்குமா சார்?"

"நீங்க வாசிச்சா கருத்து தெரிஞ்சுபோச்சு. கருத்து தெரிஞ்சா பாலம் திறக்கணும், சட்டம். தலைவர் காரில ஏறிப் போவார். அக்கரைக்காரங்க கேட்டதும் அதுதானே? அவங்களும் கம்பத்தைத் தூக்கிடுவாங்க. உங்க மனைவி அன்னைக்கே உங்க பஸ்ல வீட்டுக்கு வரலாம்."

டிரைவர் இதற்கு மேல் யோசிக்கவில்லை. நீங்களும் நானும் என்றால் யோசித்திருப்போமா?

அன்றிலிருந்து அவர் பெயர் போயிற்று, வேலை போயிற்று, பொதுமக்கள் ஆனார். கழுத்தில் அப்படியே எழுதித் தொங்கவிட்டார்கள். "பொதுமக்கள் வந்துட்டாங்களா?" என்று மாடியிலிருந்து கேட்பார்கள். "வந்துட்டாங்க சார், பாத்ரூம் போயிருக்காங்க" என்று கீழேயிருந்து பதில் போகும். மத்தியானம் வாரியத்து கேண்டீனுக்குப் போனார். வாசலில் பலகை: பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கேண்டீன்காரர் அவர் கழுத்து அட்டையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், "எனக்கென்னங்க, போர்டு மாட்டினது அவங்க" என்று கையை விரித்தார். அன்றிலிருந்து ஒத்திகை நடந்த நாளெல்லாம் பொதுமக்கள் வெளியே மதிலோரம் நின்றுதான் டீ குடித்தார்கள்.

வாசிக்க வேண்டிய வாசகத்தின் கதை தனிக்கதை. தரைத்தளத்தில் எழுதியபோது அதில் வெறும் 'வருத்தம்' என்றுதான் இருந்தது. முதல் மாடிக்கு ஒப்புதலுக்குப் போயிற்று. கீழிருந்து வந்த வருத்தத்தை அப்படியே மேலே அனுப்பினால் முதல் மாடிக்கு வருத்தமே இல்லையோ என்று யாராவது கேட்டுவிட்டால்? 'துயரம்' என்று மாற்றினார்கள். இரண்டாம் மாடி அதைப் பெருந்துயரமாக்கியது. மூன்றாம் மாடிக்காரர் விட்டாரா, 'தாங்கள் போனபின் நாங்கள் எதற்கு' என்று ஒரு வரி சேர்த்தார். திரும்பிக் கீழே வந்தபோது அதை ஒருவர் நிதானமாக வாசித்தால் வாசிக்கிறவர் உயிரோடு இருக்க நியாயமே இல்லை.

ஒத்திகையில் இயக்குநரே தலைவராக நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவர் வாசிக்க வாசிக்க அவருக்கே மூக்கு சிவந்தது. முடிந்ததும் டிரைவர் தயங்கித் தயங்கி, "சார், எனக்கு ஒரு சந்தேகம். நாம இவ்வளவு அழுதா, அவர் பாவம் பாத்து போகாமலே இருந்துடப் போறாரு" என்றார்.

அறையே சிரித்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அட, நீங்க ஒண்ணு! தலைவர் வருஷக்கணக்கா நம்ம அறிக்கையைப் படிக்கிறவர். இதெல்லாம் நாம எழுதுறதுன்னு அவருக்குத் தெரியாதா என்ன?"

அன்று சாயங்காலம் மனைவி போன் பண்ணினாள். ஆற்றின் மேலே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்; கிடைத்த இடைவெளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பேச வேண்டும்.

"ஏங்க, ஒரு கூத்தைக் கேளுங்க. வீட்டுக்குப் போக விடுங்கன்னு இங்க ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டேன். என்னைப் பிடிச்சுப் பொதுமக்களா போட்டுட்டாங்க."

"உன்னையுமா?"

"என்னையுமான்னா? அங்க யாரை?"

சொன்னார். அந்தப் பக்கம் அவள் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அக்கரையிலும் வாரியம் இருக்கிறதாம். பழைய வாரியத்தின் கிளை ஆபீஸ்தான். பலகையை மட்டும் மாற்றிவிட்டு அதே மேஜை, அதே ஆட்கள். அங்கே மகிழ்ச்சி, பெருமகிழ்ச்சி, அளவில்லாத மகிழ்ச்சி என்று மூன்று வைத்திருக்கிறார்கள். "எனக்குச் சிரிக்கக் கத்துக் குடுக்கிறாங்க. வார்டுல நைட் முழுக்க நின்னுட்டு வந்து, காலையில ஒரு மணி நேரம் பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன். எங்க பக்கத்துக் கருத்தைப் போட்டு ஒட்டின உறையை நான் உங்க பக்கம் கொண்டுவந்து தரணுமாம். உங்க உறையை நீங்க இங்க கொண்டுவரணுமாம்."

"அப்போ நடுப்பாலத்துல பாப்போம்."

"பாப்போம். திறந்துட்டா நீங்க கொஞ்ச நாள் இங்க வந்து இருங்க. இங்க நர்ஸே இல்லை, பாதிப் பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. வார்டுப் பிள்ளைங்களை விட்டுட்டு எப்படி வர்றது?"

"வீடு இங்க இருக்கு. நான் அங்க வந்து என்ன பண்றது? உன்னைக் கூட்டிட்டு வரத்தானே இந்தக் கண்றாவி வேஷம் எல்லாம்?"

"ஆரம்பிச்சிட்டீங்களா..." என்று அவள் தொடங்கும்போதே சிக்னல் போய்விட்டது.

விழா நாள். இக்கரை முனையில் பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி. தலைவரை டிரைவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. படத்தில் இருப்பதைவிடச் சின்ன மனிதர். முழங்கால் வலி போல, அடிக்கடி தடவிக்கொண்டார். பின்னால் கார் நின்றது. பெட்டிகளைக் கட்டி மேலே ஏற்றியிருந்தார்கள். தலைவர் இரண்டு தடவை திரும்பி அந்தக் காரைப் பார்த்தார். போக ஆசைப்படுகிற மனிதனின் பார்வைதான் அது, சத்தியமாக.

"பொதுமக்கள் எழுந்து நிற்பார்கள்" என்றது ஒலிபெருக்கி. டிரைவர் எழுந்தார்.

தாளை விரித்துக்கொண்டு நிமிர்ந்தவருக்கு, பாலத்தின் அந்தக் கோடியில் வெள்ளை யூனிஃபாரம் தெரிந்தது. கையில் உறையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். தாளையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். இந்தக் கண்றாவியைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஐயா, நீங்க நல்லபடியாப் போய்ட்டு வாங்க, பாலத்தைத் திறந்துவிடச் சொல்லுங்க என்று சொன்னால் என்ன என்று தொண்டை வரை வந்தது. பக்கத்தில் இயக்குநர் நின்றார். பாலத்தை நோக்கிக் கண்ணைக் காட்டினார். டிரைவர் வந்ததை மென்று விழுங்கிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

என்ன சொல்ல! கண் அவள் மேல், வாய் தாளின் மேல். 'தாங்கள் இல்லாத வீட்டில் நாங்கள் எப்படி இருப்போம்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. பந்தலே விசும்பியது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். தலைவர் முழங்காலைத் தடவுவதை நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபின்னும் கையிலேயே வைத்திருந்தார். அவர் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை டிரைவர் கவனிக்கவில்லை. அவருக்குப் பாலத்துக்குப் போகும் அவசரம்.

உறை மாற்றுவதற்காக இரண்டு கம்பமும் தூக்கப்பட்டன. பொதுமக்கள் இக்கரையிலிருந்தும் பொதுமக்கள் அக்கரையிலிருந்தும் புறப்பட்டார்கள். நடக்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். டிரைவர் பாதி தூரம் ஓடினார்.

"இளைச்சுட்டீங்க" என்றாள் அவள்.

"நீ மட்டும் என்னவாம்? கண்ணைப் பாரு, குழி விழுந்து."

"கொடியில துணி கிடக்கா இன்னும்?"

"கிடக்கு."

"எடுத்து மடிக்க ஒரு ஆள் இல்லையா அந்த வீட்டுல? வெயில்ல நூலாப் போயிருக்கும்." அவள் சிரித்தாள். வாரியம் கற்றுக்கொடுத்த சிரிப்பு இல்லை அது. டிரைவருக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. அவள் கையைப் பிடித்து, "போதும், வா போகலாம்" என்றார்.

"எங்க?"

"எங்கன்னா? வீட்டுக்கு."

"நான்தான் சொன்னேனே, பிள்ளைங்க..."

"பிள்ளைங்க பிள்ளைங்கன்னா, நான் யாரு?"

"நடுப்பாலத்துல வெச்சுமா? நாலு பேர் பாக்கிறாங்க, கையை விடுங்க. முதல்ல இந்த உறையைக் குடுத்துட்டு வந்துடலாம். குடுக்காம போனா திறக்கலைன்னு சொல்லிடுவாங்க. திரும்பி வரும்போது இங்கயே நில்லுங்க. பேசிக்கலாம்."

"நீ நில்லு. நான் வரேன்."

"சரி, நானே நிக்கிறேன். வீம்புக்குக் குறைச்சல் இல்லை!"

இரு முனையிலும் விசில் ஊதினார்கள். அவள் இக்கரையை நோக்கி நடந்தாள், இவர் அக்கரையை நோக்கி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போல இருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அக்கரை முனையில் மேஜை போட்டு ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் உறையை நீட்டினார். எழுத்தர் அதைத் திருப்பிப் பார்த்து, முத்திரை குத்துகிற நேரத்தில், ஆற்றைத் தாண்டி ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் வந்தது.

"என் மக்களே! இத்தனை துயரம் உங்களுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அறிக்கையில் படித்திருக்கிறேன், நம்பியதில்லை. யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். இன்று கண்ணால் பார்த்தேன். அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகும் நான் காரில் ஏறினால் நான் மனிதனே இல்லை. நான் போகவில்லை!"

கைத்தட்டல் கேட்டது. முதலில் தட்டியவர் இயக்குநராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் கொஞ்சம் தாமதித்துத்தான் சேர்ந்துகொண்டார்கள். தூரத்தில் காரின் மேலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கரை முனையில் கம்பம் படாரென்று இறங்கியது.

"ஐயோ, என்னை விடுங்கய்யா! நான் அந்தப் பக்கத்து ஆளு!" டிரைவர் கம்பத்தைப் பிடித்து உலுக்கினார்.

"அவர் போனாத்தான் பேச்சுன்னு சொல்லியிருந்தோம்ல? போகலை. பேச்சு இல்லை" என்றார் எழுத்தர். அவர் குரலிலும் ஒரு சலிப்பு இருந்தது. "அழுது கிழுது அவரை நிறுத்தி வெச்சது யாரு? நீங்கதானே? ரசீது வாங்கிட்டுப் போங்க."

பாலத்தின் அந்தக் கோடியிலும் கம்பம் இறங்கியிருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளை யூனிஃபாரம், கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. நடுப்பாலத்தில் ஒருவரும் இல்லை.

பொழுது சாயும்போது போன் வந்தது.

"ஏங்க, வீட்டுக்கு வந்துட்டேன்."

"வந்துட்டியா?" என்றார் அவர். இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் தவம் கிடந்தார். "சாவி பக்கத்து வீட்டுல..."

"தம்பி திறந்துவிட்டான். துணியை எடுத்து மடிச்சுட்டேன்." பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது: "என்னைக் கேட்டிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பேன்!" அவள் அவனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, "நீங்க எங்க இருக்கீங்க? வார்டுப் பக்கம் போனா, சன்னலோரக் கட்டில்ல ஒரு வாண்டு இருப்பான். நான் நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். அவன்கிட்ட..." என்றாள். சிக்னல் போயிற்று.

அவள் ஆஸ்பத்திரியின் நர்ஸ்கள் குடியிருப்பில் ஆண்களை விட மாட்டார்கள் என்பதால், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் தூங்குகிற அறையில் அவருக்கு ஒரு கட்டில் கொடுத்திருந்தார்கள். பாவம் பார்த்து அவள் குடிக்கிற பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். காலையில் அதில் டீயை ஊற்றி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப், முகத்தில் நடந்து நடந்து வந்த களைப்பு. வேறு பெண்தான், ஆனால் அதே வேலை.

"புதுசா வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. நாம தனியாப் போறது இப்போ உறுதியாயிடுச்சு. அதைப் பத்தி உங்க மனசுல என்ன இருக்குங்க?"

டிரைவர் கோப்பையைக் கீழே வைத்தார். முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இருந்தது. "துயரம்மா. அடக்க முடியாத துயரம். மூணாவது. எழுதிக்கோ."

அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அது இங்க வரலைங்களே. அதெல்லாம் அந்தப் பக்கத்துலதான். இங்க மகிழ்ச்சி மூணுதான் இருக்கு." அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் மனசு கேட்கவில்லை. "பரவாயில்லைங்க, உங்களுதை 'பிற'ன்னு ஒரு இடம் இருக்கு, அதுல போட்டு..."

"வேண்டாம்மா!" டிரைவர் கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தார். "பிற வேண்டாம்! உனக்குப் புண்ணியமாப் போகும். மகிழ்ச்சின்னே போட்டுக்கோ."

"எத்தனாவது மகிழ்ச்சிங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.